எங்கள் ஒழுங்கைக்கு அளவான கார்

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் பேசும்போதே எந்த மகளுக்கு எந்த வளவு, எந்த வீடு என்று பேசி முடித்துவிடுவார்கள். தாலி கட்டியதும் மாப்பிள்ளை தன் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். என் அக்காவுக்குச் சித்தாண்டியில் அப்பாவும் அம்மாவும் இருக்கிற வீடு. எனக்கு நகரத்தில், வாவிக்கரைப் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் அப்பா காணி வாங்கிக் கட்டிய சின்ன வீடு. காணி உறுதிப் பத்திரத்தில் என் பெயர்தான் இருக்கிறது. அதைப் பற்றி இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் அந்த வீட்டு முற்றத்தில் எந்த வாகனம் நிற்க வேண்டும் என்று நான் சொன்னபோது குடும்பமே திரண்டு வந்தது.

முற்றத்தில் நின்றது அப்பாவின் வான். வெள்ளை நிறம், மூன்று வரிசை ஆசனம், இழுத்துத் திறக்கிற பக்கக் கதவு. கலியாணம் முடிந்த கிழமையே அதன் திறப்பை அப்பா கொண்டுவந்து என் கணவரின் கையில் கொடுத்தார். "மருமகன், இது குடும்பத்து வான். உங்களிட்ட நிக்கட்டும். தேவை வந்தா எல்லாரும் எடுப்பம்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாகன லைசன்ஸ் கலியாணத்துக்கு முந்தியே எடுத்தவள் நான். என் கணவர் எனக்குப் பிறகுதான் எடுத்தார். அது அப்பாவுக்கும் தெரியும். இருந்தாலும் திறப்பு மருமகன் கைக்குத்தான் போனது. வீடு பெண்ணுக்கு, வாகனம் ஆணுக்கு என்று எங்கள் பக்கத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததால்தான் அதை யாரும் கேள்வி கேட்கவில்லைபோல.

கணவருக்கு வாழைச்சேனையில் வேலை. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவார். அதனால் வான் பகல் முழுக்க மாமர நிழலில் நின்று பூவும் பூச்சியும் விழுந்து கிடக்கும். நான் நகரத்திலேயே ஒரு வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை செய்கிறேன். கர்ப்பம் தரிக்கும்வரை ஸ்கூட்டியில் போய் வந்தேன். மகள் பிறந்து, விடுமுறை முடிந்து, திரும்ப வேலைக்குப் போகிற காலம் நெருங்கியபோதுதான் சிக்கல் தொடங்கியது. பிள்ளை பார்க்கிற வீடு கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம். காலையில் பிள்ளையை அங்கே விட்டு, பாலத்தால் திரும்பி வந்து வேலைக்குப் போக வேண்டும். தினமும் ஓட்டோவில் போவதா? மடியில் பிள்ளை, தோளில் பை, பக்கத்தில் திறந்த வாசல். எனக்கு மனம் ஒப்பவில்லை.

சரி, முற்றத்தில் வான் நிற்கிறதே என்று ஒருநாள் எடுத்தேன். மகளுக்கு ஊசி போட வேண்டிய நாள் அது. அவளை நடு வரிசையில் பேபி சீற்றில் கட்டி, வானைப் பின்னால் எடுத்து ஒழுங்கைக்குள் இறக்கினேன்.

எங்கள் ஒழுங்கையை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மதில். மறு பக்கம் மழைநீர் ஓடுகிற, மூடியில்லாத கான். நடுவில் மின்கம்பம் ஒன்று, யார் அங்கே நட்டார்களோ, ஒழுங்கைக்குள் ஒரு அடி தள்ளி நிற்கும். கணவர் அந்த வானை வெளியே எடுப்பதென்றால் நான் முன்னால் நடந்து கை காட்ட வேண்டும். அன்றைக்குக் கை காட்ட ஆளில்லை. கம்பத்தை விலத்தித் திருப்பினேன். பின்சில்லு ஒன்று கானுக்குள் இறங்கிவிட்டது. வான் சரிந்தது. மகள் வீரிட்டு அழத் தொடங்கினாள்.

ஒழுங்கை நிறைய ஆட்கள். எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாது. ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். இடக்கை, வலக்கை, முன்னுக்கு, கொஞ்சம் பின்னுக்கு. கடைசியில் எதிர்வீட்டுக்காரர் கதவடிக்கு வந்து, "இறங்குங்க மகள். நாங்க எடுத்துத் தாறம். இது பொம்புளைகள் ஓடுற வான் இல்ல" என்றார். நல்ல மனிதர்தான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். நாலைந்து ஆண்கள் பின்னால் நின்று தள்ள, இன்னொருவர் ஓட்டினார். அவர் கம்பத்தில் பக்கக் கண்ணாடியை உடைத்தார். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் கணவர் வந்ததும் நான் சொன்னேன். "இந்த வானத் திருப்பிக் குடுப்பம். எங்களுக்கு ஒரு சின்னக் கார் வேணும்."

அவர் சப்பாத்தைக் கூடக் கழற்றவில்லை. "கானுக்க விழுந்ததுக்கா? அது ஆருக்கும் விழும்."

"ஆருக்கும் விழுறதெண்டா அது வான்ட பிழை. எனக்கு ஓடத் தெரியாதது இல்ல. இந்த ஒழுங்கைக்க அது கிறுகித் திரும்பாது."

அவர் கொஞ்சநேரம் யோசித்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். ஆனால் யோசித்தாரென்றால் உண்மையாகவே யோசிப்பார். பிறகு கேட்டார். "மாமாக்கிட்ட ஆரு சொல்லுற?"

"நான் சொல்லுறன். வீடு என்ட பேரில இருக்கு. வான் நிக்கிற முத்தம் அந்த வீட்டோடதான் சேர்ந்தது."

அவர் சிரித்துவிட்டார். அது சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தாண்டிக்குப் போனோம். அப்பா வயல் வட்டையிலிருந்து அப்போதுதான் வந்து காலில் சேறு கழுவிக்கொண்டிருந்தார். அக்காவும் அத்தானும் இருந்தார்கள். சாப்பாடு முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

அத்தான்தான் முதலில் வாய் திறந்தார். "வான விட்டிட்டுச் சின்னக் கார் எடுக்கிறதா? ஆக்கள் பெரிய வாகனத்துக்கு ஆசப்படுற காலத்தில நீங்க இறங்கிப் போறீங்க மச்சாள்."

அக்கா, "பிள்ள வந்தா வண்டி பெரிசாகிற. உனக்குச் சிறுசாகுதா?" என்று கேட்டாள்.

"என்ட பிள்ளைக்கு ஒரு சீற் போதும்கா. அந்தச் சீற்ற நான் ஒருத்தியாத் தூக்கி வெச்சு, நான் ஒருத்தியா ஓடிப் போக வேணும். அதுக்கு அளவான வண்டிதான் எனக்கு வேணும்."

அப்பா துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கோயில் திருவிழாவுக்கு, கலியாண வீட்டுக்கு, செத்த வீட்டுக்கு எல்லாரும் ஒண்டாப் போறது எப்பிடி?" என்றார்.

"வருஷத்தில எத்தின நாள் அப்பா அப்பிடிப் போற? மிச்ச நாளெல்லாம் நானும் பிள்ளையும்தான். வான் உங்களிட்ட நிக்கட்டும், அத்தான் ஓடட்டும். இடம் காணாட்டி நான் ரெண்டு தரமா ஏத்திக் கொண்டுபோய் விடுறன்."

அப்பாவின் முகம் மாறியது. கோபம் என்று சொல்ல முடியாது. ஏதோ ஒன்று அணைந்தது போல இருந்தது. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வளவுக்குள் போய்விட்டார். நாங்கள் புறப்படும்வரை திரும்பி வரவில்லை.

அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். "ரெண்டு தரம் எண்டு ஏன் சொன்ன நீ?"

"என்னம்மா பிழை அதில?"

"நாம சண்டைக்க இடம்பெயர்ந்து போகக்குள்ள ஒரு உழவு மிசின் பெட்டிதான் கிடைச்சிது. எல்லாருக்கும் இடம் காணல்ல. அப்பாட அக்கா, உன்ட மாமி, 'நீங்க முதல்ல போங்க, நாங்க ரெண்டாந்தரத்துக்கு வாறம்' எண்டு பிள்ளைகளோட நிண்டிட்டா. ரெண்டாந்தரம் மிசின் போக விடல்ல, றோட்ட அடைச்சிட்டாங்க. எப்ப வந்து சேந்தாங்க தெரியுமா? செத்துட்டாங்க எண்டு நாங்க அழுது முடிச்ச பிறகு, காட்டால நடந்து வந்தாங்க. உன்ட அப்பா அதுக்குப் பிறகுதான் வான் வான் எண்டு நிண்டு வாங்கின. எல்லாரும் ஒரே வண்டியில ஏற வேணும் அவருக்கு."

நான் அப்போது கைப்பிள்ளை. முதல் தரத்தில் போன அந்த டிராக்டர் பெட்டிக்குள் அம்மாவின் மடியில் இருந்திருக்கிறேன். இந்தக் கதையை என்னிடம் யாரும் சொன்னதில்லை. மாமி எங்கள் வீட்டுக்கு வந்து போகிற, வெற்றிலை போட்டுச் சிரிக்கிற ஓர் ஆள். காட்டால் பிள்ளைகளோடு நடந்து வந்தவர் என்று நான் நினைத்துப் பார்த்ததேயில்லை.

திரும்பி வரும் வழியில், ஏறாவூர் தாண்டியபோது கணவர், "அப்ப விடுவமா?" என்று கேட்டார். அப்பாவுக்காக என் நெஞ்சு கனத்துத்தான் இருந்தது. ஆனால் எனக்கும் ஒரு கதை இருந்தது.

மகள் வயிற்றில் இருந்த காலத்தில், வேலையில் ஒரு பிள்ளையைப் படம் எடுக்கக் கொண்டுவந்தார்கள். காரின் முன்சீற்றில் தாயின் மடியில் இருந்த பிள்ளை. கார் வேகமாகக்கூட ஓடவில்லை என்று அந்தத் தாய் திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் இறுக்கிப் பிடிச்சிட்டுத்தான் இருந்த நான் டொக்டர்" என்றார். நான் டொக்டர் இல்லை. அந்தப் பிள்ளையின் படங்களை நான்தான் எடுத்தேன். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

அப்பாவின் பயத்துக்கு ஒரு வான் வாங்குகிற உரிமை இருந்ததென்றால், என் பயத்துக்கும் ஒரு கார் வாங்குகிற உரிமை இருக்கிறது. "விட ஏலா" என்றேன். கணவர் தலையாட்டிவிட்டு வீதியைப் பார்த்து ஓட்டினார்.

கார் தேடும் வேலையில் அத்தான் தானாக வந்து சேர்ந்துகொண்டார். என் மனதை மாற்ற முடியாவிட்டாலும் என் கணவரின் மனதை மாற்றலாம் என்று நினைத்திருக்க வேண்டும். ஓட்டமாவடியில் பழைய வாகனம் விற்கிற ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றார். ஒரு சனிக்கிழமை மகளையும் தூக்கிக்கொண்டு போனோம். நான் இன்னொன்றையும் தூக்கிக்கொண்டு போனேன். பேபி சீற்.

கடைக்காரரை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிட்டார்கள்; நல்ல உயரமான ஆள், வெள்ளைத் தொப்பி, வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. என் இடுப்பில் பிள்ளையும் கையில் சீற்றும் இருப்பதைப் பார்த்துவிட்டு, கணவரிடம் பேசத் தொடங்கினார்.

"தம்பி, குடும்பத்துக்கெண்டா இந்த ஜீப்பப் பாருங்க. உள்ளுக்கு ஒரு வீடு. ஏறி இருந்தா றோட்டே உங்களுக்குக் கீழ."

"கார் எனக்குத்தான் நானா" என்றேன். "நான்தான் ஓடப் போறன்."

"ஓம் ஓம், தங்கச்சியும் ஓடலாம்" என்று சொல்லிவிட்டுக் கதவை என் கணவருக்குத் திறந்துவிட்டார்.

நான் மகளைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, ஜீப்பின் பின்கதவைத் திறந்து சீற்றை ஏற்றினேன். அது என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. எனக்கு ஒப்பரேஷன் செய்துதான் பிள்ளை பிறந்தது. சீற்றை ஏற்றியதும் அடிவயிற்றில் தையல் போட்ட இடம் இழுத்தது. இதற்குள் தினமும் காலையில் ஒரு பிள்ளையைத் தூக்கி ஏற்றுவதா? "இது வேணாம்" என்றேன். அடுத்தது நீளமான கார். அழகான கார்தான். கூரை தாழ்வு, பிள்ளையை உள்ளே வைக்கக் குனிந்தபோது என் தலை இடித்தது. அதுவும் வேண்டாம். இன்னொன்றில் பின்கதவு பாதிதான் திறந்தது, சீற் நுழையவில்லை. கடையில் வேலை செய்தவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் வெட்கப்பட்டு வீதிக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தார்.

கடைசி மூலையில், பெட்டி மாதிரி ஒரு கார் நின்றது. குட்டை மூக்கு, உயரமான கூரை, நீல நிறம், ஒரு பக்கத்தில் நீளமாய் ஒரு கீறல். அதை யாரும் எனக்குக் காட்டவில்லை. நானாகப் போய்த் திறந்தேன். கதவு அகலமாகத் திறந்தது. குனியாமல், எட்டாமல், சீற்றை என் இடுப்பு உயரத்திலேயே உள்ளே தள்ளினேன். அடியில் பூட்டுகிற இரும்பு வளையம் இருந்தது. 'டக்' என்று பிடித்தது. மகளை வாங்கி அதில் இருத்தினேன். அவள் கூரையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு இருந்தாள். ஓட்டுகிற ஆசனத்திலிருந்து கையைப் பின்னால் நீட்டிப் பார்த்தேன். அவளுடைய கால் என் விரலுக்கு எட்டியது.

அவ்வளவுதான். எனக்கு முடிவாகிவிட்டது.

கணவர் உயரமானவர். பக்கத்துச் சீற்றில் ஏறினார். பின்னால் பேபி சீற்றுக்கு இடம் விட்டதால் அவர் முழங்கால் இரண்டும் முன்னால் முட்டின. "கொஞ்சம் சுருங்கி இருந்தாச் சரி" என்றார். அந்த மனிதரை நான் அந்த நொடியில் மிகவும் விரும்பினேன்.

ஓடிப் பார்க்க வேண்டும் என்றேன். அத்தானும் வந்து பின்னால் ஏறி, சீற்றுக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டார். வயல் பக்கம் போகிற வீதியில் ஒரு சுற்றுப் போய் வந்தேன். திரும்பி வந்து கடைக்குப் பக்கத்தில், நெல் மூட்டை ஏற்றிய இரண்டு லொறிகளுக்கு நடுவே இருந்த இடத்துக்குள் காரைப் பின்பக்கமாக விட்டேன். ஒரே தரத்தில் போய் நின்றது. யாரும் கை காட்டவில்லை. யாருக்கும் கை காட்ட நேரமும் கிடைக்கவில்லை.

அத்தான் இறங்கி, காரைச் சுற்றி வந்து, கடைசி முயற்சியாக ஒன்று கேட்டார். "ஒரு கலியாண வீட்டு வாசலில போய் இதுல இறங்கினா மதிப்பா இருக்குமா மச்சாள்?"

"மதிப்ப ஏத்துறதுக்கு நான் கார் வாங்கல்ல அத்தான். பிள்ளைய ஏத்துறதுக்கு வாங்குறன்."

கடைக்காரர் அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்துப் பேசினார். "இவ்வளவு காலம் யாவாரம் செய்றன், பிள்ளட சீற்றக் கொண்டுவந்து காருக்கு அளவு பாத்த ஆள இண்டைக்குத்தான் காணுறன். அந்தக் கீறலுக்கு நான் பெயின்ட் அடிச்சுத் தாறன் தங்கச்சி." கீறல் எனக்குப் பெரிய விஷயமில்லை. ஆனாலும் அடித்துத் தரச் சொன்னேன்.

கார் வந்தது. வான் சித்தாண்டிக்குப் போனது. அப்பா அதை வாங்கி, கழுவி, தகரக் கொட்டிலுக்குள் விட்டார் என்று அம்மா போனில் சொன்னார்.

இதற்குப் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று சொன்னால் அது பொய். மகளுக்குப் பேபி சீற்றைக் கண்ணில் காட்ட முடியாமல் போனது. பெல்ட்டைப் பூட்டியதும் வில்லாக வளைந்து அழுவாள். கல்லடிப் பாலத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரைக்கும் அழுவாள். கீழே வாவியில் தோணியில் நிற்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். நான் பாடுவேன், கதைப்பேன், கையைப் பின்னால் நீட்டி அவள் காலைப் பிடிப்பேன். பாலம் முடிந்ததும் ஓரமாக நிறுத்தித் தூக்கலாமா என்று எத்தனையோ காலைகள் கை துடித்தது. தூக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரரின் மனைவி ஒருநாள் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "பிள்ளையக் கட்டிப் போட்டிட்டு ஓடுறயே, கல்லு நெஞ்சாகா உனக்கு?" என்று கேட்டார்.

"ஓம்கா" என்றேன். "கல்லுத்தான்." அன்றைக்கு எனக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை, மனமும் இல்லை. ஒரு தாய் தன் பிள்ளையை எப்படிக் கொண்டுபோகிறாள் என்பதற்கு ஊர் முழுக்கக் காரணம் சொல்லிக்கொண்டிருக்க ஏலாது.

சில கிழமைகளில் மகள் பழகிக்கொண்டாள். ஒரு காலையில் பாலத்தில் ஏறியும் சத்தமில்லை. பயந்து திரும்பிப் பார்த்தேன். தன் கால்விரலைப் பிடித்து வாய்க்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அப்பாவோடு உண்மையான மோதல் அதற்குப் பிறகுதான் நடந்தது. கணவரின் தங்கைக்கு வாழைச்சேனையில் கலியாணம். பெண்ணின் அண்ணன் என்பதால் அவர் முதல்நாளே போய்விட்டார். நான் மகளோடு காலையில் நகரத்திலிருந்து புறப்பட்டுச் சித்தாண்டிக்குப் போனேன். அங்கிருந்து எல்லோரும் ஒன்றாகப் போவதாக ஏற்பாடு.

வான் வாசலில் புறப்படத் தயாராக நின்றது. சந்தனப் பொட்டு வைத்துப் பூவும் போட்டிருந்தார்கள். அத்தான் ஓட்டுகிற இடத்தில். பின்னால் அக்கா, அவளுடைய பிள்ளைகள், மாமி, அம்மா. முன்சீற்றில் அப்பா, பட்டு வேட்டியோடு. நான் காரை ஓரத்தில் நிறுத்தி, மகளுக்காக ஏசியை ஓடவிட்டு இறங்கியதும் அவர் இறங்கி வந்தார். கார் வாங்கிய பிறகு அவர் என் பக்கத்தில் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"பிள்ளைய இஞ்ச தா" என்றார். "எங்களோட வரட்டும். நீயும் காரப் பூட்டிப்போட்டு வந்து ஏறு. இடம் வெச்சிருக்கு."

எட்டிப் பார்த்தேன். உண்மையாகவே நடு வரிசையில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு ஒதுங்கி இருந்தார்கள். நான் ஏறியிருந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். எனக்கும்கூட.

"பிள்ள அவட சீற்றிலதான் வருவா அப்பா. நான் உங்களுக்குப் பின்னால வாறன்."

"நான் மடியில வெச்சிருக்கன். கீழ போடுவனா?"

"நீங்க போட மாட்டீங்க. வண்டி அடிச்சா ஆராலயும் பிடிக்க ஏலா. நான் பாத்த நான் அப்பா."

"உன்ன நான் மடியில வெச்சுத்தான் எல்லா இடமும் கொண்டு திரிஞ்ச. நீ செத்தா போன?"

வானுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு வாசலிலும் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். வெயில் தலைக்குமேல் சுட்டது. நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல அப்பா. அண்டைக்கு உங்களிட்ட இருந்ததில நல்லதத்தான் நீங்க எனக்குச் செய்தீங்க. இண்டைக்கு என்னட்ட இருக்கிறதில நல்லத நான் என்ட பிள்ளைக்குச் செய்றன். எல்லாரும் ஒரே வண்டியில வர வேணும் எண்டு உங்கட மனசில இருக்கு. எனக்கு அம்மா சொன்னா. ஆனா பிள்ளைய மடியில தர மாட்டன்."

அம்மா சொன்னார் என்று நான் சொன்னதும் அவர் வானுக்குள் திரும்பிப் பார்த்தார். மாமி தலையைக் குனிந்துகொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

திடீரென்று வானின் பக்கக் கதவு இழுபட்டது. அம்மா இறங்கினார். கூறைப் பட்டுச் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, என் காரின் பின்கதவைத் திறந்து, மகளின் சீற்றுக்குப் பக்கத்தில் ஏறிக் குந்திக்கொண்டார்.

"ரெண்டு பேரும் நிண்டு கத்துங்க" என்றார். "இந்த வெயிலுக்க எனக்கு நிக்க ஏலா. இஞ்ச குளிரா இருக்கு."

அப்பா போய் வானில் ஏறினார். கதவை அடித்துச் சாத்தினார். வான் முன்னால் போக, நான் பின்னால் போனேன்.

வழியில் ஒன்றும் நடக்கவில்லை. நான் சொன்னதுதான் சரி என்று காட்டுவதற்காக ஒரு மாடும் குறுக்கே வரவில்லை. மகள் நித்திரையாகிவிட்டாள். அம்மா கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கும்புறுமூலைச் சந்தி தாண்டியபோது, "இது ஓடுற சத்தமே கேக்கல்லயே" என்று மட்டும் சொன்னார்.

மண்டபம் ஒரு குறுகிய வீதிக்குள் இருந்தது. வான் உள்ளே போகவில்லை. பிரதான வீதியிலேயே நிறுத்தி எல்லோரும் வெயிலுக்குள் நடந்து வந்தார்கள். நான் மண்டபத்து வாசலில், வேப்ப மர நிழலில் காரை விட்டேன். அம்மா சேலை கசங்காமல் இறங்கினார். அதைப் பார்த்து எனக்குள் நான் சிரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கணவரின் பெரியப்பா ஒருவர், "பெரிய வான் நிண்டிச்சே, வித்துப் போட்டீங்களா? கஷ்டமா?" என்று மெதுவாக விசாரித்தார். "கஷ்டம் இல்ல பெரியப்பா, விருப்பம்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்க வைக்க நான் நிற்கவும் இல்லை. பந்தி தொடங்கியிருந்தது.

திரும்பும்போது மாமி தானாக வந்து என் காரில் ஏறினார். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். "இதுக்க உன்ட மகள், நான், உன்ட பொஞ்சாதி, பிள்ள. மத்த ஆக்கள் அதுக்க. எல்லாரும்தானே போறம் தம்பி" என்று மாமி அவரைப் பார்த்துச் சொன்னார். அப்பா வேறு பக்கம் திரும்பி அத்தானோடு பேசப் போனார்.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்பா இன்றுவரை என் காரில் ஏறவில்லை. ஏற மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். பேத்தியைப் பார்க்க வேண்டும் என்றால் சித்தாண்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். கையில் தயிர்ச் சட்டியோ வட்டைப் பக்கம் பிடித்த மீனோ இருக்கும். வந்ததும் முதலில் காரைத்தான் சுற்றிப் பார்ப்பார். சில்லைக் காலால் தட்டி, "காத்துக் காணாது" என்பார். முன்மூடியைத் திறக்கச் சொல்லித் தண்ணி பார்ப்பார். கண்ணாடியில் பறவை எச்சம் இருந்தால் துணி கேட்டுத் துடைப்பார். ஆனால் ஏற மாட்டார்.

போன கிழமையும் வந்தார். மகள் இப்போது நடக்கிறாள். தன் சீற்றுக்குத் தானே ஏறப் பார்க்கிறாள். நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"பஸ்ஸடியில விடட்டா அப்பா? பாலத்துக்குப் போற வழிதானே."

"வேணாம் புள்ள. நான் நடக்கிறன்."

நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. அவர் காரை மாற்றச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை. அது எனக்கு அவர் தருகிற மரியாதை. நானும் ஏறச் சொல்லி வற்புறுத்துவதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே இரத்தம்தானே.

பெல்ட்டைப் பூட்டி, காரைப் பின்னால் எடுத்து, ஒழுங்கைக்குள் இறக்கினேன். முன்கண்ணாடியால் பார்த்தபோது அப்பா ஒழுங்கை வாசலில் நின்றார். வீதியால் வேகமாக வந்த மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கையை நீட்டி மறித்து, நான் வெளியே வருமட்டும் அந்தப் பொடியனை நிறுத்தி வைத்திருந்தார். நான் ஒரே திருப்பில் வீதிக்கு ஏறினேன். அவரைக் கடந்து போகும்போது ஹோன் அடித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பின்கண்ணாடிக்குள் பேத்தியைப் பார்த்துக் கையை ஆட்டினார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் எடுக்க நடந்தார்.